‘குளிக்கலாம்’ என்று சொன்ன அட்டவணை

இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனியாகப் பட்டப்படிப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். காலமெல்லாம் கணிப்பொறிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் தொடக்க விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார்கள். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், "மேடம், நீங்க படிச்ச காலத்துல கம்ப்யூட்டர் சும்மா கூட்டிக் கழிக்கும், அவ்வளவுதான? அதால யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காதுல்லா?" என்றான். எனக்குச் சட்டென்று கோபம் வரும். வந்தது. "மூணு உசிரு போயிருக்குலே" என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அவர்களுடைய ஆசிரியை மட்டும் பக்கத்தில் வந்து, அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதுகிறேன். சந்தோஷமாகப் படிக்க இதில் ஒன்றும் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தென்காசிக்காரி. அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க். அறுபதுகளில் என்னைச் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட்டார். பொம்பளைப் பிள்ளையை எஞ்சினீயருக்குப் படிக்க வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "சும்மா இருக்கட்டும்னுதான்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார். என் வகுப்பில் மூன்றே பெண்கள். முதல் இரண்டு வருஷம் பட்டறையில் இரும்பு ராவியதும் வரைபடம் போட்டதும் தவிர வேறு ஞாபகம் இல்லை. மூன்றாம் வருஷம் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கல்யாணக் கூடத்து அடுப்படி அளவுக்கு அறை, அறை முழுக்க மிஷின், மிஷினுக்கு ஏ.சி. ஊரில் மனுஷனுக்கே மின்விசிறி இல்லாத காலம் அது. நாங்கள் உள்ளே போனால் பல் கிட்டும்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது விசைப்பலகையும் திரையும் கிடையாது. கணக்கைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவோம். பஞ்ச் அறைக்காரர்கள் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. எந்த இடத்தில் ஓட்டை விழுகிறதோ அதுதான் எழுத்து, அதுதான் எண். அட்டைகளை அடுக்கி, மேல் விளிம்பில் சிவப்புப் பென்சிலால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அடுக்கு கலைந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். காலையில் கொடுத்தால் மறுநாள்தான் விடை. ஒரு கமாவை விட்டிருந்தால் ஒருநாள் போச்சு.

எங்கள் துறைக்குத் தலைவர் புரொபசர் வரதன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் எழுதிக்கொண்டு போன தாளை வாங்கிக் கையை நீட்டி எட்ட வைத்துக்கொண்டு பார்ப்பார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். பார்த்துக்கொண்டே நிற்பார். நமக்கே வியர்த்துக் கொட்டி, "சார், ஏழாவது வரி" என்று சொல்லும் வரைக்கும் நிற்பார். சொன்னதும் தாளைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடுவார். அந்த மனுஷரைக் கண்டால் எனக்குப் பயம், அதைவிட அதிகம் மரியாதை. இன்றைக்கும் அந்த மரியாதை முழுசாகப் போகவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் ஒரு பயிற்சி வைத்திருந்தார். ‘மிஷின் ஆவது’ என்று நாங்கள் சொல்வோம். ஒருத்தி கட்டளைகளை வரி வரியாக வாசிப்பாள். இன்னொருத்தி மிஷின். தாளில் கட்டங்கள் வரைந்து, சொன்ன எண்ணைச் சொன்ன கட்டத்தில் எழுத வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. ஒருநாள் நான் மிஷின். எதிரே இருந்தவள் வாசித்த கட்டளையில் வயதைக் கழிப்பதற்குப் பதில் கூட்டும்படி வந்தது. நான் தயங்கினேன். புரொபசர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "ஏன் நிறுத்தினே?" என்றார். "தப்பா வரும் சார்" என்றேன். "அது உனக்கு எப்படித் தெரியும்? நீ இப்போ மிஷின். எழுது" என்றார். எழுதினேன். ஒரு கிழவருக்குப் பிறக்கிறதுக்கு முன்னாலேயே கல்யாணம் நடந்ததாக விடை வந்தது. வகுப்பே சிரித்தது. "இதை மறக்காதீங்க. யோசிக்க வேண்டியது நீங்க. அது யோசிக்காது" என்றார். இப்படிச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

கடைசி வருஷம் ஆளுக்கொரு திட்டக் கட்டுரை செய்ய வேண்டும். நான் குற்றாலத்தை எடுத்தேன். குற்றாலத்தில் சாரல் காலத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கீழே வெயில் அடிக்கும், பேரருவியில் ஜனம் குளித்துக்கொண்டிருக்கும், மலைக்கு மேலே எங்கேயோ கொட்டிய மழை திடுமென்று வந்து இறங்கும். வருஷத்துக்கு ஒருத்தராவது போவார்கள். மலை மேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மழை அளப்பார்கள். அருவிக்கு மேலே ஓடையில் அளவுக் கம்பு நட்டு, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒருவர் தினமும் குறிப்பார். இரண்டையும் பல வருஷத்துக்குச் சேர்த்து மிஷினில் கொடுத்தால், இவ்வளவு மழைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அது கற்றுக்கொள்ளாதா? அதை வைத்து ஓர் அட்டவணை போட்டால் அருவிக் காவலுக்கு உதவாதா? இதுதான் என் யோசனை. இப்போது நீங்கள் படிக்கிறதும் இதேதான். பழைய விவரத்தைக் கொடுத்து, வரப்போவதைச் சொல்ல வைப்பது. பெயர்தான் பெரிசாகியிருக்கிறது.

புரொபசருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தென்காசியில் தண்ணீர்க் கணக்குப் பார்க்கிற அலுவலகத்தில் பிச்சையா என்று ஓர் ஓவர்சியர் இருந்தார். விவரங்களையெல்லாம் அவர் கட்டுக்கட்டாக அனுப்பி வைத்தார். பஞ்ச் அறையில் அட்டைகள் அடித்தார்கள். நான் முதலில் நேர்கோடு போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. புரொபசர் தாளை எட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "வளைகோடு போட்டுப் பார்" என்றார். போட்டதும் அழகாகப் பொருந்தியது.

வந்த விடைதான் விசித்திரம். மழை கூடக் கூட வெள்ளமும் கூடியது, சரி. ஓர் அளவுக்கு மேல் மழை போனால் வெள்ளம் குறைந்துகொண்டே வந்தது. ரொம்பப் பெரிய மழைக்கு ஒன்றுமே இல்லை. "என்ன சார் இது, இப்படி எங்கயாவது நடக்குமா?" என்று கேட்டேன். அவர் குற்றாலத்து வரைபடத்தை விரித்தார். விரலை வைத்துக் காட்டினார். "மேலே ரொம்பத் தண்ணி சேர்ந்தா, கரை தாண்டி இந்தப் பக்கம் பிரிஞ்சு ஐந்தருவிக்குப் போயிடும். பேரருவிக்கு வராது. நம்ம கண்ணுக்குத் தெரியாததை மிஷின் கண்டுபிடிச்சிருக்கு" என்றார். ஓவர்சியரிடம் கேட்டால், "ஆமாமா, அப்படித்தான் இருக்கும். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த மலையில் ஏறிப் பார்த்தவர் எங்கள் மூவரில் ஒருவரும் இல்லை.

அட்டவணை தயாராயிற்று. ஓர் அங்குலம் வரை ‘குளிக்கலாம்’. இரண்டுக்குக் ‘கவனம்’. மூன்றுக்கும் நான்குக்கும் ‘மூடவும்’. ஐந்துக்குத் திரும்பக் ‘கவனம்’. ஆறும் அதற்கு மேலும் ‘குளிக்கலாம்’. மிஷின் தந்த கணக்கைத் தமிழில் பெரிதாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அருவிக்கரைப் போலீஸ் கூண்டில் மாட்டினார்கள். மாட்டுகிற அன்றைக்குப் புரொபசர் வந்து பேசினார், நானும் போயிருந்தேன். அட்டவணை சொல்லாமல் அருவியை அடைக்கக்கூடாது என்று ஓர் உத்தரவும் வந்தது.

அருவிக்கரைக் காவலில் இருந்தவர் முருகையா. ஏட்டு. ஆலங்குளம் பக்கத்துக்காரர். நல்ல உயரம், பெரிய தொண்டை கிடையாது, விசில்தான் பேசும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவதையும், சருகும் குச்சியும் மிதந்து வருவதையும், இரைச்சல் கனப்பதையும் வைத்து விசில் ஊதி ஆட்களைக் கரையேற்றி வந்தவர். எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். முந்தின வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைத்துவிட்டார், வெள்ளம் வரவில்லை. லாட்ஜுக்காரர்களும் கடைக்காரர்களும் மேலே புகார் கொடுத்து, அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. அதனால் எங்கள் அட்டவணையைப் பார்த்து அவருக்கு மெய்யாகவே சந்தோஷம்.

"இனிமே எவனாவது ஏன் அடைச்சேன்னு கேட்டான்னு வையி, அந்தா தொங்குது பாரு, அதுட்ட கேளுலேன்னு சொல்லிருவேன் தாயி" என்றார் என்னிடம்.

"கடைசி வரியைப் பாத்தியளா ஏட்டையா? மழ ரொம்பப் பெய்ஞ்சா வெள்ளம் வராதுன்னு போட்டிருக்கு."

"பாத்தேன். எனக்கும் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. ஐந்தருவிக்குப் போயிரும்னு ஒங்க வாத்தியார் சொன்னாவளே. படிச்சவுக சொல்லுதாவ. நான் எட்டாங்கிளாஸ்."

அந்த ஆனி மாசம் முழுக்க அட்டவணை பலித்தது. எஸ்டேட்டில் இருந்து டெலிபோனில் மழை அளவைச் சொல்வார்கள், ஏட்டையா சட்டத்தைப் பார்ப்பார், மூடவும் என்று இருந்தால் மூடுவார், வெள்ளம் வரும். ஜனம் வாயைப் பிளந்தது. ஊரில் என் அப்பாவைப் பிடித்து வைத்துப் பாராட்டினார்கள். ஏட்டையா விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அட்டவணையைச் சுட்டிக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா கடிதத்தில் எழுதியிருந்தார். நான் ஹாஸ்டலில் அதைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். அடேயப்பா, என்ன பெருமை.

கட்டுரைக்குப் பின்னிணைப்பாக எல்லா விவரத்தையும் அச்சடித்துச் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி. அட்டைகளை மறுபடி மிஷினில் கொடுத்து, அது வாசித்ததை அப்படியே அச்சடிக்கச் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை அந்தத் தாள் வந்தது. பெரிய மழை பெய்த நாட்களுக்கு நேரே, தண்ணீர் அளவு என்கிற இடத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று இருந்தது. ஓடை ஒருநாளும் முழுசாக வற்றியதில்லை, சாரல் காலத்தில் பூஜ்யம் எப்படி வரும்? ஓவர்சியர் அனுப்பிய மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நாட்களுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை, காலியாக இருந்தது. அளக்கப் போகிறவர் பெருவெள்ளத்தில் கம்புக்குக் கிட்டே போக முடியாமல், குறிக்காமல் விட்டிருக்கிறார். இல்லாததை இட்டுக்கட்டி எழுதாத அந்த மனுஷர்தான் இந்தக் கூட்டத்திலேயே யோக்கியர். பஞ்ச் அறைக்காரர்களும் காலியைக் காலியாகவே விட்டார்கள். ஆனால் அட்டையில் ஓட்டை இல்லாத இடத்தை எங்கள் மிஷின் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதன் வழக்கம் அது. எங்களுக்கெல்லாம் பாடத்தில் வந்த விஷயம்தான். அதாவது, ஓடை கரை புரண்ட நாட்களையெல்லாம் தண்ணீரே இல்லாத நாட்கள் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குத் தோதாகத்தான் கோடு வளைந்தது. அதற்குத் தோதாகத்தான் புரொபசர் ஐந்தருவிக்கு வழி கண்டுபிடித்தார். 

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். எட்ட வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை நான் வரி எண் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "யார்கிட்டெல்லாம் சொன்னே?" என்றார்.

"யாருட்டயும் சொல்லல சார். உடனே தந்தி அடிக்கணும்."

"என்னன்னு அடிப்பே?"

"அட்டவணையைக் கழட்டச் சொல்லி."

"கழட்டினா ஏன்னு கேப்பாங்க. சரியான கணக்கு கையில இல்லாம பதில் சொல்ல முடியாது. திங்கட்கிழமை மிஷின் நமக்கு. திருத்தி ஓட்டுவோம். புது அட்டவணையோட சொல்லுவோம். பாதிக் கணக்கை வெளியில விடறது நம்ம வழக்கமில்லை, கோமதி."

அவர் கெட்டவர் இல்லை. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? துல்லியம் என்கிற பழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டார். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் நான் அவரை மதித்ததே.

மறுநாள் காலையில் தபாலாபீஸ் போய் நானே ஓவர்சியருக்குத் தந்தி அடித்தேன். அட்டவணையின் கடைசி இரண்டு வரி தப்பு, நம்ப வேண்டாம் என்று. நேராகப் போலீசுக்கே அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உத்தரவு போனது ஓவர்சியர் வழியாக, திருத்தமும் அவர் வழியாகப் போனால்தான் அங்கே செல்லும் என்று நினைத்தேன். அன்றைக்கே ரயில் ஏறக் கிளம்பினேன். வீட்டில் இருந்து கடிதம் வராமல் பெண் பிள்ளைகளை வெளியூருக்கு விட முடியாது என்று வார்டன் மறித்தார். கெஞ்சி, அழுது, சண்டை போட்டு, சனிக்கிழமை சாயங்காலம்தான் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தென்காசியில் இறங்கினேன். அப்பா வேலை நேரத்தில் சீட்டை விட்டு எழுந்து வரவே மாட்டார். அன்றைக்கு நிலைகொள்ளாமல் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ வருதேன்னு தகவலே இல்லையே, எப்படிம்மா வந்த?" என்றார். பிறகு, "காலைல அருவில வெள்ளம். மூணு பேரு போயிட்டாவ" என்றார்.

"அட்டவணை என்னப்பா சொல்லுச்சு?"

 அப்பா என் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ராத்திரி முழுக்க மலையில் கொட்டியிருக்கிறது. காலையில் எஸ்டேட்டில் இருந்து சொன்ன அளவு ஏழு அங்குலத்துக்கு மேல். கீழே பளிச்சென்று வெயில். அட்டவணை குளிக்கலாம் என்றது. போனவர்கள், புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவரின் மனைவி, கல்யாணமாகி மூன்று மாசம் ஆன அவர் மகள், அவர்களைப் பிடிக்கப் பாய்ந்த, அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒரு மனுஷர். ஓவர்சியருக்கு என் தந்தி சனிக்கிழமையே கிடைத்துவிட்டது. படிப்பு முடிக்காத ஒரு பெண் அனுப்பியதை வைத்து உத்தரவை மாற்ற முடியாது என்று, புரொபசருக்கு உறுதி கேட்டுக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்திருந்தார். அவர் வீட்டு வாசலில் நின்று நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. "நான் முறைப்படிதான செஞ்சேன் பாப்பா" என்று அந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அழுதார்கூட. எனக்கு இரக்கமே வரவில்லை.

விசாரணை குற்றாலத்தில் ஒரு பங்களாவில் நடந்தது. மாவட்டத்தில் இருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். புளியங்குடிக்காரர் முன் வரிசையில், மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகன். புரொபசர் சாட்சி சொன்னார். ஒரு வார்த்தை பொய் இல்லை. கொடுக்கப்பட்ட விவரத்தை இயந்திரம் சரியாகவே கணக்கிட்டது, விவரத்தில் விடுபட்ட இடங்கள் இருந்தன, திருத்தம் செய்யும் பணி தொடங்கியிருந்தது. ஓவர்சியர் சொன்னதும் பொய் இல்லை. உறுதி செய்யப்படாத தந்தி, முறைப்படி உறுதி கேட்டேன். தண்ணீர் அளந்தவர், "போவ முடியல, அதான் எழுதல" என்றார். நான் எழுந்து, காலியை மிஷின் பூஜ்யமாக எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். வியாழக்கிழமையே எங்களுக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். புரொபசர் தரையைப் பார்த்தார். அதிகாரி, "பட்டம் வாங்கியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உட்காரும்மா" என்றார்.

கடைசியில் முருகையா. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அட்டவணை வருவதற்கு முன்னால் எதை வைத்து அருவியை அடைப்பீர் என்று அதிகாரி கேட்டார். தண்ணீர் நிறத்தை வைத்து என்றார்.

"அன்றைக்கு நிறம் மாறியதா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறிச்சு அய்யா, பாத்தேன், அட்டவணை குளிக்கலாம்னு சொன்னதால விட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். உத்தரவு போட்டவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அவர் வேலை தப்பும். சொல்லுங்க ஏட்டையா, சொல்லுங்க என்று மனசுக்குள் கத்தினேன்.

"நான் கவனிக்கல அய்யா" என்றார்.

அத்தோடு முடிந்தது. காவல் பணியில் கவனக்குறைவு. வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று. புரொபசருக்கும் ஓவர்சியருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அட்டவணையைக் கழற்றினார்கள். திங்கட்கிழமை ஓட்டுவதாக இருந்த திருத்தத்தை நான்தான் பிறகு தனியாக ஓட்டினேன். காலி நாட்களை நீக்கிவிட்டுப் போட்டதும் கோடு நேராக ஏறிற்று. ஆறு அங்குலத்துக்கு மேல் என்ன என்று எந்த அட்டையிலும் இல்லை. அந்த வரியில் ‘தெரியாது’ என்று எழுதினேன். அதைக் கட்டுரையில் ஏற்கவில்லை. விடையில்லாத வரி அட்டவணையில் இருக்கக்கூடாதாம்.

பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன். மதுரையில் சில காலம், பிறகு பல ஊர்களில் பல கல்லூரிகள். அட்டை போய் நாடா வந்தது, நாடா போய்த் திரை வந்தது. என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நான் ரொம்பப் பொல்லாதவள். விடுபட்ட விவரத்தை என்ன செய்தாய் என்று கேட்டு, பதில் சொல்லத் தெரியாத எவனையும் நான் பாஸ் போட்டதில்லை. அதனால் கெட்ட பேர்தான் மிச்சம். போகட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லீவுக்கு வந்தபோது, முருகையா ஆலங்குளத்தில் ஓர் அரிசி ஆலையில் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். மேல்முறையீட்டுக்கு ஒரு மனுவை நானே எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திருத்திய கணக்கை அதோடு சேர்த்திருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆலை கேட் ஓரத்தில் ஒரு பெஞ்சில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்து, உட்காரச் சொன்னார். காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினார். மனுவை வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார்.

"வேண்டாம் தாயி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு வேண்டாங்கிய அண்ணாச்சி? நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த கதி வந்திருக்காது. கவனிக்கலன்னு ஏன் சொன்னிய? நீங்க கவனிக்காத ஆளா?"

 ஆலைக்குள் நெல் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அந்த அம்மா எங்கிட்ட வந்து கேட்டா" என்றார். "மகளக் கையில புடிச்சுக்கிட்டு, ‘ஏட்டையா, தண்ணி செவப்பா வருதே, போலாமா’ன்னு கேட்டா. அவளுக்கே தெரிஞ்சிருக்கு. நானும் பாத்தேன். நல்ல செவப்பு. திரும்பி ஒங்க சட்டத்தப் பாத்தேன். ஏழு அங்குலம், குளிக்கலாம்னு இருக்கு. ‘போங்கம்மா, ஒண்ணும் வராது, ஐந்தருவிக்குப் போயிரும்’னு சொல்லி நான்தான் அனுப்புனேன். விசிலு பையிலதான் கெடந்துச்சு. அவ புருசன் அங்கன முன்னால உக்காந்திருக்கான். பாத்துக்கிட்டுதான் அனுப்புனேன்னு அவன் மூஞ்சிக்கு நேர எப்படிச் சொல்லச் சொல்லுத?"

 மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது. அவர் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லு தாயி. அந்த மிஷினுக்கு, இது எனக்குத் தெரியலன்னு சொல்ல வராதோ?"

"வராது அண்ணாச்சி. அதுக்குத் தெரியாதுங்கதே அதுக்குத் தெரியாது."

"சரி" என்றார். "எனக்குத் தெரிஞ்சுதே."